மூன்று திருகும் பக்தவத்சலம் சாரின் இரண்டு கையும்

‘இங்க குடுங்க’ என்று ஓர் இனம் நம்மிடையே உலவிக்கொண்டிருக்கிறது. நீங்கள் பார்க்காதவர்கள் இல்லை. பூட்டில் சாவியை விட்டு இரண்டு தடவை திருப்பியிருப்பீர்கள். மூன்றாவது தடவைக்கு முன்னால் உங்கள் முழங்கைக்கும் கதவுக்கும் நடுவே ஒரு கை முளைக்கும். “இங்க குடுங்க.” ஊறுகாய் பாட்டில் மூடியாகட்டும், மெட்ரோ ஸ்டேஷனில் டிக்கெட் எடுக்கும் இயந்திரமாகட்டும், நீங்கள் பெற்ற குழந்தையின் ஷூ லேஸாகட்டும், உங்கள் காசில் நீங்கள் வாங்கிய உங்கள் சொந்த செல்போனாகட்டும், நீங்கள் அதைப் படுத்துகிற பாட்டை அவரால் அரை நிமிஷம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வாங்கிக்கொள்வார். செய்து முடிப்பார். “அவ்வளவுதான், சிம்பிள்” என்று திருப்பிக் கொடுப்பார்.

அந்த ‘சிம்பிள்’ இருக்கிறதே, அங்கேதான் நமக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் என்ன செய்வது? இந்த இனத்தில் கெட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. கெட்டவராக இருந்தால் ‘போய்யா’ என்று சொல்லிவிட்டுப் போகலாம். இவர் உதவி அல்லவா செய்கிறார்! உதவி செய்கிறவரை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

இதில் ஓர் உட்பிரிவு உண்டு. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. சாதாரண ‘இங்க குடுங்க’ பேர்வழி வந்தவுடனே பிடுங்கிவிடுவார். உட்பிரிவுக்காரர் அப்படிச் செய்ய மாட்டார். “நீங்களே பண்ணுங்க. நாமளே பண்ணினாத்தான் மனசுல நிக்கும்” என்று முதலில் முதுகைத் தட்டிக் கொடுப்பார். பிறகு பிடுங்குவார். இந்த உட்பிரிவில் நான் கண்ட மிகச் சிறந்தவர் எங்கள் குகட்பள்ளி அடுக்ககத்தில், பி பிளாக்கில், என் வீட்டுக்கு நேர் எதிர் வீட்டில் இருக்கிறார். பெயர் பக்தவத்சலம்.

பிறந்தது அரக்கோணம், ஐதராபாத்துக்கு வந்து முப்பத்துநான்கு வருஷம் ஆகிறது. ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றார். மாத்திரைக் கம்பெனி என்றால் சும்மா இல்லை. அங்கே எந்த வேலையும் எழுதி ஒட்டிய முறைப்படிதான் நடக்க வேண்டும். செய்தவர் யார், எத்தனை மணிக்கு, என்ன கண்டார் என்று அந்தந்த நிமிஷமே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாத வேலை நடக்காத வேலை. அப்படியே வாழ்ந்த மனிதரை ஒரு நாள் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? எங்கள் லிஃப்டுக்குள் ‘பொத்தானை அழுத்தும் முறை’ என்று ஆறு எண் போட்ட தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. இரண்டாவது எண்: ‘அழுத்துமுன், செல்ல வேண்டிய தளத்தை முடிவு செய்துகொள்ளவும்.’ சிரிக்காதீர்கள். அதைப் படித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கணம் யோசித்தவன் நான்.

அவர் மனைவி ருக்மிணி அம்மா முப்பது வருஷமாக இதைச் சமாளித்து வருகிறவர். சமையலறைக்குள் சார் காலை வைத்ததும், தோசைக் கரண்டியை ஒரு பார்வை பார்ப்பார் அல்லவா, அது கைக்குப் போவதற்கு முன்னால் அம்மா ஒரு கிண்ணம் பூண்டை எடுத்து நீட்டிவிடுவார். “ஏங்க, இத உரிச்சுக் குடுங்களேன்.” இரண்டு கையும் பூண்டில் மாட்டிக்கொண்டால் தோசை பிழைக்கும். அந்த வீட்டில் வாரத்துக்கு நாலு நாள் பூண்டுக் குழம்பு ஏன் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கிற்று.

இனி கதைக்கு வருகிறேன்.

மூன்றாம் மாடி சுபாஸ்ரீ, ஹப்சிகுடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். கீழே வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில், உடைந்த நாற்காலிகளும் விநாயக சவிதிப் பந்தல் மூங்கில்களும் அடைந்து கிடந்த ஓர் அறை இருந்தது. அதைக் குழந்தைகளுக்கு ஓர் அறிவியல் அறையாக ஆக்க வேண்டும், பிள்ளைகள் வந்து தாங்களே எதையாவது தொட்டு, திருகி, கலைத்து, கண்டுபிடிக்க வேண்டும் என்று அந்தப் பெண் இரண்டு வருஷமாகக் கமிட்டிக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தாள். மனுப் போட்டுச் சலித்து அழுதுகூட இருக்கிறாள் என்று என் மனைவி சொன்னாள். கமிட்டியில் இன்னொரு கட்சி, அந்த அறையில் டிரெட்மில் போட வேண்டும் என்றது. கமிட்டித் தலைவர் பிரசாத் நியாயமான மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்றார். காலை பத்திலிருந்து மாலை நாலு வரை. முப்பது பிள்ளைகள் தங்கள் கையால் எதையாவது செய்து பார்த்தார்கள் என்று காட்டிவிட்டால் அறை சுபாஸ்ரீக்கு. சும்மா நின்று வேடிக்கை பார்ப்பது கணக்கில் சேராது. அதற்கு டிவி இருக்கிறது. முப்பது வராவிட்டால் திங்கட்கிழமை டிரெட்மில் வந்து இறங்கும்.

எப்படி நிரூபிப்பது என்று யாரோ கேட்டார்கள். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. “பதிவேடு நான் பாத்துக்கறேன். கூடவே அந்தக் காட்சிப்பொருளை அமைக்கிறதுலயும் ஒரு கை குடுக்கறேன்.” எந்தக் கை என்று உங்களுக்குத் தெரியும்.

சுபாஸ்ரீ போட்ட திட்டம் எளிமையானது. இருட்டறை. ஒரு மேஜை. அதன்மேல் பக்கத்தில் பக்கத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்ன விளக்குகள். பேட்டரியில் எரிகிறவை, ஷாக் அடிக்காது. ஒவ்வொன்றுக்கும் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. எதிரே ஒரு வெள்ளைத் துணி. வாசலில் ‘திருகிப் பார்’ என்று ஒரே ஓர் அட்டை. அவ்வளவுதான். வர்ணப் பெட்டியில் சிவப்பையும் பச்சையையும் குழைத்தால் சேற்று நிறம்தான் வரும் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். வெளிச்சத்தில் அவை இரண்டும் சேர்ந்தால் மஞ்சள் வரும். அந்த மஞ்சளைப் பார்த்து ஒரு பிள்ளை வாயைப் பிளக்கிற நேரம் இருக்கிறதே, அதற்காகத்தான் அவள் இரண்டு வருஷம் காத்திருந்தாள்.

பக்தவத்சலம் சார் திட்டத்தைப் படித்தார். பிரமாதம் என்றார். சில சின்னத் திருத்தங்கள் மட்டும் என்றார்.

முதல் திருத்தத்தில் ‘திருகிப் பார்’ அட்டை போய், பதினோரு எண் கொண்ட ‘திருகும் முறை’ வந்தது, தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் என்று மும்மொழியில். அடுத்தது, ஒவ்வொரு திருகிலும் எங்கே நிறுத்த வேண்டும் என்று ஸ்டிக்கர். அதற்கடுத்து, மேஜைக்கு இரண்டடி முன்னால் கயிறு. பிறகு கையுறை வந்தது; பத்து வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்கள் கையுறையைப் போட்டால் விரல் நுனியில் இன்னொரு விரல் தொங்கும், அது வேறு விஷயம். வெள்ளைத் துணிக்குத் தன் கல்யாண நாள் வேட்டியையே எடுத்துக்கொண்டு வந்தார். நாலு முழம், மெல்லிசு. ஜரிகைக் கரை வெளிச்சத்தைக் கெடுக்கும் என்று கரையை அளந்து உள்பக்கம் மடித்துக் குண்டூசி குத்தினார். இதெல்லாம் போகட்டும். ‘சிவப்பு + பச்சை = மஞ்சள்’ என்று கொட்டை எழுத்தில் ஓர் அட்டை எழுதி, திருகுகளுக்கு நேர் மேலே ஒட்டினாரே, அதைப் பார்த்ததும் சுபாஸ்ரீ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“சார், விடையை முதல்லயே எழுதி ஒட்டிட்டா பிள்ளைங்க எதுக்கு சார் திருகணும்?”

“சரிபார்க்கறதுக்கும்மா.”

மாத்திரையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கவா ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைப்பார்கள்? என்ன இருக்க வேண்டும் என்பது தெரியும். அது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. வாழ்நாள் முழுக்க அவர் ஆச்சரியப்படாமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்கியவர். அவரைக் கொண்டுவந்து ஆச்சரியத்துக்கு ஓர் அறை அமைக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

கடைசித் திருத்தம் சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. ஒத்திகை பார்க்கும்போது நான் தெரியாமல் விளக்குகளுக்கு முன்னால் கையை நீட்டிவிட்டேன். துணியில் ஏதோ கலர் கலராக ஓடிற்று. என்னவென்று நான் பார்ப்பதற்குள் சார் என் மணிக்கட்டைப் பிடித்து இறக்கிவிட்டார். உடனே ஓர் அட்டை எழுதப்பட்டது: ‘விளக்குக்கும் துணிக்கும் நடுவே கையை நீட்டாதீர்.’

ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டம் அள்ளிற்று. பிள்ளைகள் வரிசை லிஃப்ட் வரைக்கும் நின்றது. சுபாஸ்ரீ வெளியே நின்று வரிசையை ஒழுங்கு செய்து, மூன்று மூன்று பேராக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். உள்ளே நடந்தது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அவர் பக்கத்தில் டார்ச் பிடிக்கும் வேலை என்னுடையது.

ஒரு பிள்ளை வரும். சார் குனிந்து, வாஞ்சையாக, “வா கண்ணா, நீயே பண்ணணும், சரியா? நாமளே பண்ணினாத்தான் மனசுல நிக்கும்” என்பார். பிள்ளை கையுறைக்குள் விரலைத் தேடிக் கண்டுபிடித்துத் திருகில் வைக்கும். அரைத் திருப்பு ஆகியிருக்காது. “மெதுவா. அப்படி இல்ல. ஸ்டிக்கர் தாண்டிப் போவுது பாரு. இங்க குடு.” திருகு அவர் கைக்கு வந்துவிடும். துணியில் மஞ்சள் வரும். “பாத்தியா, மஞ்சள்” என்று, பிள்ளை வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிடுவார். “அவ்வளவுதான், சிம்பிள்.” பிள்ளை மஞ்சளைப் பார்க்கும், அட்டையைப் பார்க்கும், இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு, கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போகும்.

நாலாம் மாடி ஜுலைகா ஒருத்திதான் எதிர்த்தாள். வாணியம்பாடிக் குடும்பம், எட்டு வயது, வாய்க்குப் பஞ்சமில்லை. “நக்கோ அங்கிள், நானே பண்றேன்” என்று திருகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்பதற்கு எங்கள் ஊரில் நக்கோ. சார் அவளை மெச்சினார். இந்த ஆர்வம்தான் வேண்டும் என்றார். மெச்சிக்கொண்டே அவள் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து எடுத்தார்.

ஒவ்வொன்று முடிந்ததும் டார்ச் வெளிச்சத்தில் பதிவேடு. மணி, வந்த பிள்ளை, இயக்கியவர், கண்டது, கையெழுத்து. ஐந்து கட்டம். அடித்தல் திருத்தல் இல்லாமல் முத்து முத்தாக எழுதினார்.

ஒரு மணிக்குப் பிரசாத் வந்தார். அறையில் யாரும் இல்லை. “பிள்ளலு எக்கட சார்?” என்றார். பிள்ளைகள் எங்கே என்று கேட்கிறார். எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், மொத்தம் நாற்பத்தொன்று என்று சார் பெருமையாகப் பதிவேட்டை நீட்டினார். சுபாஸ்ரீயும் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தாள். பிரசாத் ‘இயக்கியவர்’ கட்டத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார்.

“இதி மீரு. இதி மீரு. இதி கூட மீரே” என்றார்.

இது நீங்கள், இது நீங்கள், இதுவும் நீங்களேதான். நாற்பத்தொரு வரியிலும் இயக்கியவர் பக்தவத்சலம். நாற்பத்தொன்றில் பிள்ளைகள் பூஜ்யம். மூன்று மணி நேரம் பாக்கி இருக்கிறது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, சங்கடத்தோடு பிரசாத் சாப்பிடப் போனார். சுபாஸ்ரீ கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவால் துடைக்க ஆரம்பித்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். நான் சாரின் காதோரம், அந்தக் கட்டத்தில் பிள்ளைகள் பெயரைப் போட்டு ஒரு புதுத் தாள் எழுதிவிடலாமே, யார் கேட்கப் போகிறார்கள் என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

“பொய்யா எழுதச் சொல்றீங்களா?”

முப்பது வருஷத்தில் ஒரு பொய் வரி எழுதாதவர். அந்த மனிதரை எனக்கு அந்த நிமிஷத்தில் மிகவும் பிடித்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து அவரே படித்தார். வேறொருவர் கம்பெனிக்கு வந்து தணிக்கை செய்கிற மாதிரி, ஒவ்வொரு வரியாக, உதடு அசையப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நான் தொடல, தொடலன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேம்மா” என்றார் சுபாஸ்ரீயிடம். “நாலு மணி வரைக்கும் வெளிய போய் நிக்கறேன். ஆனா நின்னாலும் உள்ள வந்துடுவேன். என்னை எனக்குத் தெரியும்.”

சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த ருக்மிணி அம்மா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, திரையாக வேட்டியைத் தொங்கவிட்டிருந்த கயிற்றின் இரண்டு முடிச்சையும் நிதானமாக அவிழ்த்தார். வேட்டி பொத்தென்று விழுந்தது. “ஏங்க, கயிறு அவுந்துபோச்சு பாருங்க. நீங்க பின்னால நின்னு ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சுக்குங்க. விட்டீங்கன்னா மறுபடியும் கீழ விழுந்துடும்.” எனக்குப் பூண்டு வாசனை அடித்தது. சாருக்கும் அடித்திருக்க வேண்டும். முப்பது வருஷத்தில் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் எழுந்து போய் வேட்டியின் இரண்டு முனையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சுபாஸ்ரீ மேஜைக்கு முன்னால் இருந்த கயிற்றையும் கையுறையையும் அட்டைகளையும் எடுத்து மூலையில் போட்டாள். இனி பிள்ளைகள் வேண்டுமே? ஒரு தடவை பார்த்து அலுத்தவர்கள் மறுபடி வருவார்களா? நான் நாலாம் மாடிக்கு ஓடிப்போய் ஜுலைகாவிடம் ஒரே ஒரு செய்தி சொன்னேன்: அங்கிளுடைய இரண்டு கையும் பிஸி. கால் மணி நேரத்தில் மூன்று பிளாக்குக்கும் செய்தி போய்விட்டது.

பிறகு நடந்ததற்கு முறையும் இல்லை, எண்ணும் இல்லை. திருகுகளை முன்னும் பின்னும் முடுக்கினார்கள். சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சள் வந்தபோது ஒரு பையன், “ஏய், எவர்ரா மஞ்சள் விளக்கு போட்டது?” என்று மேஜைக்கு அடியில் குனிந்து தேடினான். மூன்றும் சேர்ந்து வெள்ளை ஆயிற்று. அப்போது ஜுலைகா செய்யக் கூடாததைச் செய்தாள். விளக்குகளுக்கு முன்னால் கையை நீட்டினாள். துணியில் ஒரு கைக்கு மூன்று நிழல். மூன்றும் கறுப்பு இல்லை. ஒன்று மஞ்சள், ஒன்று ரோஜாச் சிவப்பு, ஒன்று வான நீலம். அடுத்த வினாடி இருபது கைகள் உள்ளே வந்தன.

வேட்டிக்குப் பின்னால் நின்றவருக்கு மெல்லிய துணி வழியாக எல்லாம் தெரிந்தது. தலைக்கு மேலே தூக்கிய கைகளோடு, மூக்குக்கு முன்னால், மூன்று நிறத்தில் விரல்கள் ஆடுவதை அவர் பார்த்தார். தாள் எதிலும் அது எழுதியிருக்கவில்லை.

“என்ன அது?” என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. “நிழல் எப்படிக் கலரா வருது? அத எப்படிப் பண்றீங்க?”

“சொல்ல மாட்டேன் அங்கிள்” என்றாள் ஜுலைகா. “நீங்களே பண்ணிப் பாருங்க.”

பாவம், எப்படிப் பண்ணுவார்? கையை எடுத்தால் வேட்டி விழும். தவித்துப்போனார். கால் மாற்றி மாற்றி நின்றார். யாராவது ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் இதைப் பிடித்துக்கொள்ளுங்களேன் என்று கெஞ்சினார். அத்தனை கையும் வேலையாக இருந்தது. நாலு மணி வரை மனிதர் அப்படியே நின்றார். ஒரு தடவைகூட வேட்டியை விடவில்லை.

பதிவேட்டில் பிள்ளைகளே தங்கள் பெயரை எழுதினார்கள், தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் கோணல்மாணலாக, கட்டத்துக்கு வெளியே வழிய வழிய. முப்பத்துநான்கு. நாலு மணிக்கு வந்த பிரசாத் எண்ணிப் பார்த்துவிட்டு, தானும் கையை நீட்டி நாய், முயல் எல்லாம் செய்து காட்டி, முப்பத்தைந்தாவதாகக் கையெழுத்துப் போட்டார். அறை சுபாஸ்ரீக்கு என்று ஆயிற்று. எல்லோரும் போனபின் சார் வேட்டியை ருக்மிணி அம்மா கையில் கொடுத்துவிட்டு முன்பக்கம் வந்து, தயங்கித் தயங்கித் தன் வலது கையை நீட்டினார். துணியில் மூன்று கை விழுந்தது. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கு விளக்கம் சொல்ல சுபாஸ்ரீ வாயைத் திறந்தாள். என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள்.

இதோடு திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? திங்கட்கிழமை காலை அறைக் கதவில் ஒரு புதுத் தாள்: ‘கையை நீட்டும் முறை’, ஒன்பது எண். செவ்வாய்க்கிழமை ஜுலைகா வந்து அதன்மேல் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினாள். இப்போது யாராலும் அதைப் படிக்க முடியாது. அவரும் மாற்றவில்லை.

சரி, அவரைப் பார்த்துச் சிரித்தது போதும். போன வாரம் உங்கள் அம்மா செல்போனில் போட்டோ அனுப்புவது எப்படி என்று கேட்டாரே, சொல்லிக் கொடுத்தீர்களா, இல்லை ‘இங்க குடும்மா’ என்று வாங்கி அனுப்பிவிட்டீர்களா? நான் மட்டும் யோக்கியனா? பிரசாத் பேசிய தெலுங்கு உங்களுக்கே புரிந்திருக்கும். வரிக்கு வரி அர்த்தம் சொன்னவன் யார்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, என் மனைவி சமையலறையில் ஏதோ ஒரு டப்பாவின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது கேட்டது. எழுந்து போனேன். வாசற்படி தாண்டவில்லை, கையில் ஒரு கிண்ணம் வந்து உட்கார்ந்தது. ருக்மிணி அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறார் போலிருக்கிறது. மீதிக் கட்டுரையை விரலெல்லாம் பிசுபிசுக்கத்தான் எழுதி முடிக்கிறேன்.

உங்கள் வீட்டில் எப்படி? சமீப காலமாக உங்களுக்கும் அடிக்கடி பூண்டு உரிக்கக் கொடுக்கிறார்களா?